பித்தளைக் குழாய் இல்லாத கூடம்

தூத்துக்குடி,
ஜூலை 27.

அன்பு மருமகன் சகாயத்துக்கு மாமா எழுதுவது.

நேற்று பனிமய மாதா கோவிலில் கொடியேறியது. உங்கம்மாவும் வந்திருந்தாள். குழந்தைக்காக உன் மனைவி ரோஸ்லினுக்கு மறுபடியும் குழாய்ப் பரிசோதனை செய்தார்களாம், அடுத்து வயிற்றில் துளை போட்டுப் பார்க்கணும் என்கிறார்களாம். நீ யாரோ கொடுத்த பற்பத்தை நெய்யில் குழைத்துச் சாப்பிட்டு வருகிறாய் என்றும் சொன்னாள். போனில் பேசினால் "சரி மாமா, பாக்கலாம் மாமா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரோஸ்லின் உடம்பில் இன்னொரு ஊசி ஏறுவதற்கு முன்னால் நீ போய் விந்துப் பரிசோதனை செய்துகொள். அந்தப் பிள்ளையை ஸ்கேன், மாத்திரை, நேர்ச்சை என்று அலைக்கழித்தாயிற்று. உன் கையில் ஒரு டப்பாவைக் கொடுத்து மாதிரி கொண்டு வா என்று ஒருவரும் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஆண் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. சிலருக்கு அது மட்டுமே காரணம். இந்தப் பரிசோதனைக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். வலி கிடையாது, மயக்க ஊசி கிடையாது. எல்லாவற்றுக்கும் முன்னால் நடந்திருக்க வேண்டியது இது.

உன் விஷயத்தில் எனக்குக் கூடுதலாக ஒரு கவலை உண்டு. நீ மீசை முளைத்த வயதிலேயே ராடு பிடித்தவன். இங்கே படகுத்துறையில் உங்கப்பாவோடு வேலை பார்த்தாய், இப்போது கொச்சியில் கப்பல் ரிப்பேரில் டேங்குக்குள் இறங்கி வெல்டிங், கிரைண்டிங். உலோகத்தைப் புகையாகவும் தூளாகவும் தினம் சுவாசிக்கிறவன் நீ. உலோகம் உயிரணுவை என்ன செய்யும் என்பதைப் பார்த்துக்கொண்டே சம்பளம் வாங்கியவன் நான். அதனால் எனக்குத் தெரிந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாது.

நான் வேலை பார்த்த சிப்பிக் குஞ்சுக் கூடத்துக்கு நீ சின்ன வயதில் வந்திருக்கிறாய். அங்கே கடல்தண்ணீர் ஓடுகிற பாதை முழுக்க பிளாஸ்டிக். குழாய், வால்வு, வாளி எதிலும் பித்தளையோ செம்போ துத்தநாக முலாம் பூசிய இரும்போ இருக்கக்கூடாது. ஒரு நாள் புதிதாக வந்த பிளம்பர் அவசரத்துக்கு ஒரு பித்தளை வால்வை மாட்டிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலையில் அந்த வரிசைத் தொட்டிகளில் குஞ்சுகள் அடியில் படிந்து கிடந்தன. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம் செம்பை லட்சம் பங்காக்கி அதில் ஒரு பங்கு கரைந்தாலே போதும், சிப்பிக் கரு கோணலாக வளரத் தொடங்கிவிடும். நம் கடலில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இதே தூத்துக்குடியில் 1973-ல் வளர்ப்பு முத்து எடுத்தார்கள், 1981-ல் முத்துச்சிப்பிக் குஞ்சைத் தொட்டியிலேயே உண்டாக்கிக் காட்டினார்கள். அந்த வேலையெல்லாம் உலோகத்தைத் தள்ளி வைத்ததால்தான் நடந்தது.

சிப்பி இனம் பெருகுவது தண்ணீரில்தான். தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் சூடாக்கினால் ஆண் சிப்பி விந்தை வெளியே விடும், தண்ணீர் வெள்ளையாகக் கலங்கும். அதில் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் கண்ணாடிச் சில்லு முழுக்க அசைவு. ஒன்றை மட்டும் கண்ணால் பிடித்துத் தொடர முடியாது, அவ்வளவு நெரிசல். அதன் ஓரத்தில் மயில்துத்தம் என்ற செம்பு உப்பைக் கரைத்த தண்ணீரைத் துளி விட்டுப் பார். முதலில் நேராக ஓடியவை வட்டமடிக்கும். பிறகு வால் மட்டும் துடிக்கும். பிறகு எல்லாம் நின்றுபோகும். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைக் காட்டுவது வழக்கம், அந்த நேரம் யாரும் பேசமாட்டார்கள்.

மனிதனுக்கும் இது பொருந்துமா என்று கேட்பாய். காப்பர்-டி என்று அரசாங்க ஆஸ்பத்திரியில் போடுகிறார்களே, அது வேலை செய்வது இதே கணக்கில்தான். சிலி நாட்டு டாக்டர் ஹைமே சிப்பர் முயல்களின் கருப்பையில் செம்புக் கம்பி வைத்துப் பார்த்து 1969-ல் எழுதினார். செம்பிலிருந்து கசிகிற அயனிகள் விந்தணுவை முடக்கிவிடுகின்றன. அதற்காகச் செம்புக் குடத்துத் தண்ணீரைக் கொட்டிவிடாதே. உடம்புக்குச் செம்பும் வேண்டும், துத்தநாகமும் வேண்டும். விந்து நீரிலேயே துத்தநாகம் நிறைய உண்டு, புரோஸ்டேட் சுரப்பிதான் அதைச் சேர்த்து அனுப்புகிறது. எவ்வளவு போகிறது, எந்த வடிவில் போகிறது, எந்த வழியாகப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்த 'வடிவு' எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நம் துறைமுகமே காட்டியிருக்கிறது. பாறையிலும் தூணிலும் ஒட்டிக் கிடந்து சிப்பிகளைத் துளைத்துத் தின்னும் ஒரு சின்னச் சங்கு வகை உண்டு, நீ பார்த்திருப்பாய். ராமசாமி, முருகன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தூத்துக்குடித் துறைமுகத்தில் அதை எடுத்துச் சோதித்து 2002-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெண் சங்குகளுக்கு ஆண் உறுப்பு முளைத்திருந்தது. இது முற்றினால் முட்டை வரும் வழி அடைத்துப்போகும், அந்த இனம் அந்த இடத்தில் பெருகாது. காரணம் கப்பலின் அடிப்பாகத்தில் பாசியும் கொட்டலசும் ஒட்டாமல் இருக்கப் பூசிய பெயிண்டு. அதில் டிரைபியூட்டைல் டின் என்று வெள்ளீயத்தோடு கரிமச் சங்கிலி கோத்த ஒரு சேர்மம் இருந்தது. நாம் ஈயம் பூசிய பாத்திரத்தில் சமைத்துச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள், அந்த வெள்ளீயம் நம்மை ஒன்றும் செய்யவில்லை. அதே வெள்ளீயம் வேறு வடிவெடுத்தபோது, ஒரு லிட்டர் கடல்நீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே சங்கின் பாலுறுப்பு மாறிப்போனது.

இங்கிலாந்தில் பிளிமத் கடலோரத்தில் 1970-லேயே இந்த மாற்றத்தைப் பார்த்துவிட்டார்கள். காரணம் பிடிபடப் பல வருஷம் ஆயிற்று. பிரான்சில் ஆர்க்கஷோன் வளைகுடாவில் சிப்பி வளர்ப்பே நொடித்துப்போய், 1982-ல் சின்னப் படகுகளுக்கு அந்தப் பெயிண்டைத் தடை செய்தார்கள். உலக அளவில் ஒப்பந்தம் கையெழுத்தானது 2001-ல், அமலுக்கு வந்தது 2008 செப்டம்பரில். அத்தனை காலமும் உலகத்துத் துறைமுகங்களில் எல்லாம் கூலிக்கு ஆள் வைத்து அந்தப் பெயிண்டைச் சுரண்டி, திரும்பப் பூசிக்கொண்டிருந்தார்கள். உங்கப்பா பார்ஜ் அடியில் மல்லாந்து படுத்துச் சுரண்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முகத்தில் ஒரு துண்டு, அவ்வளவுதான். டப்பாவில் எழுதியிருந்ததைப் படித்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை. அந்தப் பெயிண்டு அவரை ஏதாவது செய்ததா என்று நான் சொல்ல வரவில்லை. சங்கைப் பரிசோதித்தார்கள், சுரண்டியவர்களை யாரும் அழைத்துப் பரிசோதிக்கவில்லை. எனக்கு ஆறாத குறை அதுதான்.

இப்போது செம்பு ஆக்சைடும் துத்தநாகமும் கலந்த பெயிண்டுகள் வந்துவிட்டன. நீ இருக்கும் கொச்சியிலேயே மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தில் கூண்டு வலைகளில் பாசி படியாமல் இருக்க நானோ செம்பு ஆக்சைடு பூசிப் பார்த்திருக்கிறார்கள். அந்த முயற்சியை நான் குறை சொல்லவில்லை, வலை வளர்ப்புக்காரர்களுக்குத் தேவையானதுதான். ஆனால் நானோ என்றால் உடம்புக்கு என்ன அர்த்தம் என்பது அந்தப் பூச்சைக் கையாளுகிறவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நூறு நானோமீட்டருக்குக் கீழே உள்ள துகளைத்தான் அப்படிச் சொல்கிறோம். ஒரு விந்தணுவின் தலை மட்டும் ஐயாயிரம் நானோமீட்டர் நீளம். அப்படியானால் துகள் எவ்வளவு சிறியது என்று பார்த்துக்கொள். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு உலோகக் கட்டியை எடுத்துக்கொள். அதன் மேற்பரப்பு ஆறு சதுர சென்டிமீட்டர். அதையே பத்து நானோமீட்டர் கட்டிகளாக நறுக்கினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர் ஆகிவிடும், ஏறக்குறைய 15 சென்ட் மனை. எடை கூடவே இல்லை, தொடுகிற பரப்பு மட்டும் பத்து லட்சம் மடங்கு. கட்டியாக இருக்கும்போது சும்மா கிடந்த உலோகம் தூளானதும் வினை புரிகிறதே, அதற்கு இதுதான் காரணம்.

நம் ஊரில் உலோகம், புகை என்றாலே எல்லோர் நினைவும் ஸ்டெர்லைட் செம்பு ஆலைக்குத்தான் போகும். போகத்தான் வேண்டும். 2018 மே மாதம் அந்த ஆலையை எதிர்த்த போராட்டத்தில் போலீஸ் சுட்டு 13 உயிர் போயிற்று, அந்த மாதமே ஆலைக்குப் பூட்டு விழுந்தது, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் திறக்கக் கேட்ட மனுவைத் தள்ளிவிட்டது. அந்தப் போராட்டத்தில் நீயும் நின்றாய். அங்கே வானத்துப் புகையைப் பற்றிக் கேள்வி கேட்ட அதே சகாயம், தன் மூக்குக்கு ஒரு முழம் தள்ளி எரியும் ராடின் புகையைப் பற்றி யாரிடமும் கேட்காமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ராடு எரியும்போது உலோகம் ஆவியாகிறது. ஆவி காற்றில் பட்டதும் குளிர்ந்து துகளாகிறது. அந்தத் துகள்கள் பெரும்பாலும் நானோ அளவுதான், பிறகு ஒன்றோடொன்று சங்கிலியாக ஒட்டிக்கொள்ளும். நீ கண்ணால் பார்க்கும் நீலப் புகை அதுதான். எம்.எஸ். ராடு என்றால் இரும்பும் மாங்கனீசும். எஸ்.எஸ். ராடு என்றால் நிக்கலும் ஆறு இணைதிறன் குரோமியமும் சேரும். துத்தநாக முலாம் பூசிய ஜி.ஐ. தகட்டில் வெல்டிங் வைத்த அன்று ராத்திரி குளிர்காய்ச்சல் வருமே, அது துத்தநாகப் புகை. ஒரு டம்ளர் பால் குடித்தால் முறிந்துவிடும் என்று உன் மேஸ்திரி சொல்வார். பால் வயிற்றுக்குப் போகிறது, துகள் போனது நுரையீரலுக்கு. வெல்டிங் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2017-ல் முதல் வகையிலேயே சேர்த்துவிட்டது.

இனி நீ கேட்க நினைப்பதற்கு வருகிறேன். நுரையீரலின் கடைசி அறை வரை போகும் நானோ துகளில் கொஞ்சம் ரத்தத்தில் கலக்கும். அதில் பெரும்பங்கு கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கும், சிறு பங்கு விரைக்கும் போகும். விந்தணு உருவாகும் இடத்தைச் சுற்றி உடம்பு ஒரு தடுப்பு போட்டு வைத்திருக்கிறது, கண்டதும் உள்ளே நுழையாமல் இருக்க. எலிகளுக்கு வெள்ளி, டைட்டேனியம் டை ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு, நிக்கல் நானோ துகள்களைக் கொடுத்துப் பார்த்ததில் துகள்கள் அந்தத் தடுப்பையும் தாண்டுகின்றன, அல்லது அதைத் தளர்த்திவிடுகின்றன. விந்தணு எண்ணிக்கை குறைகிறது, வால் சுருண்டும் தலை கோணியும் பிறப்பவை கூடுகின்றன, டெஸ்டோஸ்டிரோன் இறங்குகிறது. 2005-ல் அமெரிக்காவில் எலியின் விந்து மூல செல்களைக் கிண்ணத்தில் வளர்த்து மூன்று வகைத் துகள்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். மிக மோசமாகக் கொன்றது வெள்ளி. விந்தணு ஏன் இப்படி எளிதில் அடிபடுகிறது என்றால், அதன் சவ்வில் சீக்கிரம் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்பு அதிகம், கெட்டுப்போனதைச் சரிசெய்யும் சரக்கு அதன் உடலில் மிகக் குறைவு. வால், தலை, நடுவில் கொஞ்சம் எரிபொருள், அவ்வளவுதான் அது.

எலிக்குக் கொடுக்கும் அளவு பெரும்பாலும் அதிகம். மனிதனில் பார்த்தார்களா? பார்த்தார்கள். தென்னிந்தியாவில் ஒரு வெல்டிங் ஆலையில் 57 பேரையும் வெல்டிங் வேலை செய்யாத 57 பேரையும் ஒப்பிட்டு ஹைதராபாத் ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்டார்கள். வெல்டர்களின் ரத்தத்தில் நிக்கலும் குரோமியமும் கூடுதல். விந்தணுக்கள் நேராக வேகமாக நீந்துவது குறைவு, உருவக் கோளாறு கூடுதல். டென்மார்க்கில் 1990-ல் ஜென்ஸ் பீட்டர் போண்டே என்பவர் பார்த்தபோதும் வெல்டர்களுக்கு விந்துத் தரம் குறைந்திருந்தது. ஆனால் அதே நாட்டில், முதல் குழந்தைக்கு முயலும் தம்பதிகளை வைத்து 1998-ல் வெளிவந்த ஆய்வில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. அங்கே காற்றுப் போக்கும் முகமூடியும் நன்றாக இருக்கும். நீ வேலை செய்வது பல்லாஸ்ட் டேங்குக்குள், ஒரே ஒரு மேன்ஹோல் வழியாக வரும் காற்றில். என் கணிப்பில் உன் நிலைமை ஹைதராபாத்காரர்கள் பார்த்ததற்குத்தான் பக்கம். பயப்பட வைக்க இதைச் சொல்லவில்லை, நீயே பரிசோதித்துப் பார்க்கப் போதுமான காரணம் இது என்கிறேன்.

டேங்குக்குள் இருக்கும் சூட்டையும் சேர்த்துக்கொள். விரை உடம்புச் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தால்தான் வேலை செய்யும். அதற்காகவே அது வெளியே தொங்குகிறது. நீ கனத்த ஜீன்சும் தோல் ஏப்ரனும் போட்டு அந்த வெக்கையில் குந்தியிருக்கிறாய். சாயங்காலம் வெளியே வந்ததும் சிகரெட். புகையிலையில் காட்மியம் இருக்கிறது. காட்மியம் எலியின் விரையை அழித்துவிடும் என்று 1956-லேயே பிராக் நகரத்து விஞ்ஞானிகள் காட்டிவிட்டார்கள். ரத்தக் குழாயில்தான் அது முதலில் கை வைக்கிறது. சிகரெட்டை விடு என்று நான் சொல்லி நீ கேட்டதில்லை. இந்தத் தடவை எனக்காக வேண்டாம், ரோஸ்லினுக்காக விடு.

உன்னோடு வேலை செய்யும் பையன்களிடமும் பேசு. 1977-ல் கலிபோர்னியாவில் லாத்ராப் என்ற ஊரில் ஒரு பூச்சிமருந்து ஆலை. அங்கே வேலை செய்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது, கொஞ்ச வருஷமாக அவர்களில் யாருக்கும் குழந்தை பிறக்கவில்லை. அவர்களே கேட்டுப் பரிசோதித்துக்கொண்டார்கள். பலருக்கு விந்தில் அணுவே இல்லை. டி.பி.சி.பி. என்ற மருந்துதான் காரணம், உலோகம் இல்லை. ஆனால் கம்பெனியோ அரசாங்கமோ கண்டுபிடிக்கவில்லை, வேலை செய்தவர்கள் கூச்சத்தை விட்டுப் பேசியதால் வெளியே வந்தது. உங்கள் கேங்கில் கல்யாணமானவர்கள் எத்தனை பேர், குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று நீ கேட்டதுண்டா? டீக்கடையில் எதையெல்லாமோ பேசுகிறீர்கள், இதையும் பேசலாம்.

இனி நீ சாப்பிடும் அந்தப் பற்பப் பொடி. உங்கம்மா பாக்கெட்டைக் காட்டினாள். லாட்ஜில் ரூம் போட்டு மாதத்துக்கு ஒரு நாள் வருகிற ஆள் கொடுத்ததாம். 'நானோ தங்கம், வெள்ளி, நாகம் சேர்ந்தது' என்று மட்டும் அச்சடித்திருக்கிறது, நாகம் என்றால் துத்தநாகம். உரிம எண் இல்லை, செய்த இடம் இல்லை, தேதி இல்லை. சித்த மருத்துவத்தை நான் மதிக்கிறவன். முறைப்படி சுத்தி செய்து, புடமிட்டு எடுத்த பற்பம் விரல் ரேகைக்குள் புகுந்து படியும், தண்ணீரில் மிதக்கும். அப்படித்தான் வைத்தியர்கள் பதம் பார்ப்பார்கள். அது எவ்வளவு நுண்மை என்று கருவி வைத்தும் பார்த்திருக்கிறார்கள். தங்க பஸ்பம் ஒன்றில் துகள் 56, 57 நானோமீட்டர் என்று 2007-ல் ஒரு ஆய்வில் வந்தது. அவ்வளவு நுண்ணிய பொருளைக் கொடுப்பவன் அது எந்த உலோகம், எவ்வளவு, புடம் சரியாக ஏறியதா என்று தெரிந்தவனாக இருக்க வேண்டாமா? 2004-ல் அமெரிக்காவில் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற ஆயுர்வேத மருந்துகள் 70-ஐ எடுத்துச் சோதித்ததில் 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயம் ரத்தத்தில் ஏறினால் விந்தணு குறையும் என்பது பேட்டரித் தொழிலாளர்களிடம் பார்த்து உறுதியான விஷயம். பகலெல்லாம் மூக்கு வழியாக உலோகம், ராத்திரி நெய்யோடு வாய் வழியாகவும் உலோகம். ஆண்மைக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதையே 1954-ல் வந்த சட்டம் தடுக்கிறது. நாளையிலிருந்து அதைத் தொடாதே. சித்த மருந்துதான் வேண்டும் என்றால் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரிக்கு நானே உன்னை அழைத்துப் போகிறேன். அங்கே படித்த வைத்தியர்கள் இருக்கிறார்கள், என்ன வேலை செய்கிறாய் என்று முதலில் கேட்பார்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கடைசியாகச் சேர்ந்த நாளிலிருந்து இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மேல் போகாமல் இடைவெளி விட்டு மாதிரி கொடு. லேபிலேயே கொடுப்பது நல்லது. வீட்டிலிருந்து கொண்டுபோனால் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடு. ரிப்போர்ட்டில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு கோடியே அறுபது லட்சம், நூற்றுக்கு 42 அசைவு, உருவம் சரியானது நூற்றுக்கு 4 என்றிருந்தால் உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் வருஷத்து அளவுகோலின் கீழ்க்கோடு அது. 4 என்ற எண்ணைப் பார்த்துப் பதறாதே, எல்லா ஆணுக்கும் அப்படித்தான், உருவம் கோணியவைதான் அதிகம் இருக்கும். குறைவாக வந்தால் ஹார்மோனும் பார்க்கச் சொல்லு, விரையின் ரத்தநாளம் புடைத்திருக்கும் வெரிகோசீல் இருக்கிறதா என்று டாக்டரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லு. உலோகத்துக்குச் சம்பந்தமே இல்லாத, சரிசெய்யக்கூடிய காரணமாகவும் இருக்கலாம். நீ வெல்டர் என்பதை மட்டும் அவர் கேட்காவிட்டாலும் சொல்.

ஒரு விந்தணு உருவாகி முடிய 74 நாள், வெளியே வரும் நிலைக்கு முதிர இன்னும் ஒன்றிரண்டு வாரம். ஆகவே இப்போது ஒரு ரிப்போர்ட், வேலையில் மாற்றம் செய்துகொண்டு ஐப்பசிக் கடைசியில் இன்னொரு ரிப்போர்ட். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எதுவும் சொல்ல முடியும். அதுவரை ரோஸ்லினுக்குத் துளை போடும் வேலையைத் தள்ளி வைக்கலாமா என்று அவளுடைய டாக்டரிடம் இருவரும் சேர்ந்து போய்க் கேளுங்கள்.

கர்ச்சீப் கட்டுவதை விட்டுவிடு, அது ஸ்பேட்டரைக்கூடத் தடுக்காது. ஃபில்டர் மாற்றுகிற அரை முகமூடி வாங்கு. பி100 என்று போட்டிருக்க வேண்டும். ஃபில்டரின் ஓட்டையைவிடத் துகள் சின்னது, அதனால் உள்ளே போய்விடும் என்று சில பேர் சொல்வார்கள். அப்படி இல்லை. ரொம்பச் சின்னத் துகள் காற்றில் நேராகப் போகாது, இங்குமங்கும் அலைந்து நாரில் மோதி ஒட்டிக்கொள்ளும். முகமூடி முகத்தோடு ஒட்ட வேண்டும், அதற்குத் தாடியை எடுக்கணும். டேங்குக்குள் இறங்கும்போது புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் ப்ளோயர் ஹோஸ் ராடுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேள், முதுகுக்குப் பின்னால் இருந்து என்ன பயன். பெயிண்டு இருக்கும் இடத்தில் சுரண்டி எடுத்த பிறகே வெல்டிங் வை, கிரைண்டரைத் தொடும் முன் முகமூடியைப் போடு. வேலைத் துணியை வீட்டுக்குக் கொண்டுவராதே. ரோஸ்லின் அதை உதறித்தான் துவைக்கிறாள். அந்தத் தூளை அவள் ஏன் சுவாசிக்கணும்? யார்டிலேயே குளித்து மாற்றிக்கொண்டு வா.

உங்கம்மாவிடம் நான் பேசிவிட்டேன். கோவில் வாசலில் நாலு பேர் முன்னால் அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாள். அந்த வார்த்தையை இங்கே எழுதவும் எனக்குக் கை வரவில்லை. என் தங்கச்சி ஆனாலும் அதை நான் விடவில்லை, கடிந்துதான் சொன்னேன். அழுதாள். பிறகு, சகாயத்தைப் பரிசோதிக்கச் சொல்லி நீங்களே எழுதுங்க அண்ணே என்றாள். உங்கப்பா ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

முகமூடியும் நாலு ஜோடி ஃபில்டரும் இங்கேயே வாங்கி சனிக்கிழமை கூரியரில் போடுகிறேன். உன் மூக்கு அளவு என் அளவுதான், அதை வைத்து எடுத்துவிடுகிறேன். நீ இப்போது உபயோகிக்கும் ராடு பாக்கெட்டின் லேபிளையும், பூசுகிற பெயிண்டு டப்பாவின் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. ஆகஸ்ட் 15 லீவு நாள், லேப் திறந்திருக்காது, அதற்கு முந்தின வாரமே போய்விடு. துணைக்கு ஆள் வேண்டுமென்றால் சொல், மாதா திருவிழா முடிந்ததும் ரயில் ஏறி வந்துவிடுகிறேன். இதற்குள் ரோஸ்லினுக்கு ஒரு தாள் தனியாக மடித்து வைத்திருக்கிறேன், அதை அவள் கையில் கொடு.

அன்புடன்,
மாமா